ஓர் ஆட்டத்துக்கு இரண்டு சீட்டா?

பந்து உருண்டையானது. அதற்குப் பண்ணையார் பக்கம், பாட்டாளி பக்கம் என்று பக்கம் கிடையாது. ஆனால் அது உருளும் திடலுக்குச் சுவர் உண்டு. சுவருக்கு வாயில் உண்டு. வாயிலில் விலைப் பலகை உண்டு! அந்தப் பலகையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

"ஆட்டத்துக்குத் தலையங்கமா? அரிசி விலையைப் பற்றி எழுத ஆளில்லையா?" என்று கேலி பேசும் கனவான்கள் சிலர் இருப்பார்கள். இருக்கட்டும். அரிசி விலையையும் எழுதுவோம். ஆறு நாள் தறிச் சத்தத்தில் காது மரத்துப்போன தொழிலாளி ஏழாம் நாள் எதைக் கண்டு களிக்கிறான், அந்தக் களிப்புக்கு அவனிடமிருந்து எவ்வளவு கறக்கப்படுகிறது என்பதையும் எழுதுவோம். அவன் உழைப்புக்கு விலை பேசியவர்களை நாம் அறிவோம். இப்போது அவன் ஓய்வுக்கும் விலை பேச வந்துவிட்டார்கள்!

உள்ளூர் ரசிகன் வேறு, வெளியூர் ரசிகன் வேறு. உள்ளூரான் சாப்பிட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தே திடலுக்குப் போகிறான். வெளியூரானோ தன் அணி போகும் ஊருக்கெல்லாம் பின்னாலேயே போகிறான். அவன் வாங்குவது ஒரு சீட்டல்ல, இரண்டு. வண்டிச் சத்தம் ஒரு சீட்டு. வாயிற்படியில் இன்னொரு சீட்டு. இந்த இரண்டாவது சீட்டை விற்கிறவர்கள் முதல் சீட்டை மறந்துவிடுகிறார்கள். வழக்கு அதுதான்.

வெள்ளகோவிலையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய் ஆலையும் விசைத்தறியும் முருங்கைக்காய்ச் சந்தையும் உள்ள ஊர். ரயில் நிலையம் இல்லாத ஊர். இங்கிருந்து கோவை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சென்னை, கரூர் திருச்சி வழியாக 450 கிலோமீட்டர் அளவு. வேடிக்கை என்னவென்றால், கேரளத்துக் கொச்சித் திடல் நமக்குச் சென்னைத் திடலைவிடப் பக்கம்! 2018 ஜனவரியில் திருத்தி அறிவிக்கப்பட்ட கட்டணக் கணக்குப்படி அரசு விரைவுப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 75 காசு. அப்படியானால் சென்னைக்குப் போக மட்டும் சுமார் 340 ரூபாய்; திரும்பிவர இன்னொரு 340. சொகுசுப் பேருந்து என்றால் அதற்கும் மேல்.

இந்தத் தொகை பெரிதா சிறிதா என்று அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். தறிக்கூலி மீட்டருக்கு மீட்டர் மாறும், ஊருக்கு ஊர் மாறும். ஆகவே அரசாங்கமே எழுதிவைத்த கூலியை எடுத்துக்கொள்வோம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். போக ஒரு நாள் கூலி, வர ஒரு நாள் கூலி. இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடிந்தால் மறுநாள் காலை ஷிப்டுக்கு எந்த இறக்கையைக் கட்டிக்கொண்டு வருவான்? ஆகவே போன நாள் ஒன்று, வந்த நாள் ஒன்று என இரண்டு நாள் கூலி இழப்பு. திடலின் வாசலை மிதிப்பதற்கு முன்பே நான்கு நாள் கூலி போயிற்று! வழியில் குடித்த தேநீரை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் வாயிற்காவலன் கேட்கிறான், "சீட்டு எங்கே?" என்று.

பக்கத்திலேயே ஆட்டம் நடந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். சென்னை சிட்டி என்ற கால்பந்து அணி 2017-18 பருவத்தில் கோவை நேரு திடலுக்குக் குடிவந்தது. பெயரில் சென்னை, பிழைப்பு கோவையில்! அடுத்த பருவத்திலேயே, 2019 மார்ச் 9 சனிக்கிழமை, மினெர்வா பஞ்சாப் அணியை எதிர்த்துக் கடைசி ஆட்டம். வென்றால் இந்தியாவின் ஐ-லீக் கோப்பை. தவறினால் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கொண்டுபோய்விடும். முதல் கோலை நம்மவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு 3-1 என வென்றார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை கொங்கு மண்ணுக்கு வந்தது. வெள்ளகோவிலிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் ஒருவன் போய் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்ப வண்டிச் சத்தம் 140 ரூபாய்க்குள். கூலியில் பாதி நாள்கூட ஆகாது. ஏழைக்கு எட்டும் தூரத்தில் திடல் இருந்தால் போதும், எந்தத் தள்ளுபடிக்கும் அவன் கையேந்த வேண்டியதில்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் எத்தனை மாதம்? கோப்பை வென்றதற்குப் பரிசாக ஆசிய சாம்பியன்ஸ் லீக் முதற்கட்ட ஆட்டம் கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைன் நாட்டு அல் ரிஃபா அணியோடு மோதல். நம் அணிக்கு அது 'சொந்தத் திடல்' ஆட்டம். எங்கே நடந்தது தெரியுமா? குஜராத் மாநிலம் அகமதாபாத்தில்! ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்! சொந்த வீட்டுத் திருமணத்துக்குச் சொந்தக்காரனே ரயிலேறிப் போகவேண்டிய நிலை. ஆட்டம் 0-1 எனத் தோல்வியில் முடிந்தது. 2021க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்த அணியே இல்லை. கோவைக்காரன் மறுபடியும் வெளியூர் ரசிகன் ஆனான்.

வெளியூர் ரசிகன் என்பவன் நேற்று முளைத்தவனல்லன். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில், வெள்ளைக்காரப் பட்டாளமான ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை மோகன் பகான் அணி 2-1 என்று வீழ்த்தியது. பதினொருவரில் பத்துப் பேர் காலில் செருப்பின்றி ஆடியவர்கள்! அந்த ஆட்டத்தைக் காண ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்கள் மக்கள். ரயில் கம்பெனி சிறப்பு வண்டி விட்டது. ஆற்றிலே கூடுதலாகப் படகு விட்டார்கள். சீட்டு பல மடங்கு விலைக்கு விற்றது. உள்ளே இடமில்லாமல் தொலைவில் நின்றவர்களுக்குக் கோல் எண்ணிக்கையைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். ஆங்கிலேயன் ஆண்ட காலத்தில், ஆங்கிலேயனைத் தோற்கடிக்கும் ஆட்டத்தைப் பார்க்கவே வண்டி விட்டிருக்கிறார்கள்! நாமே நம்மை ஆளும் காலத்தில், நம் அணி ஆடும் ஆட்டத்துக்கு ஒரு பேருந்து விடக்கூடாதா என்று கேட்டால், "துறை வேறு, கோப்பு வேறு" என்கிறார்கள்.

கால்பந்து பிறந்து வளர்ந்த சீமையில் இந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட் என்று இன்று கோடிகளில் புரளும் சங்கம், ரயில் பட்டறைத் தொழிலாளிகள் 1878இல் தொடங்கியது. ஆர்சனல் சங்கம் 1886இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் தொடங்கியது. பட்டறையில் பிறந்த பிள்ளை பங்களாவுக்குக் குடிபோனதும் பெற்றவர்களையே வாசலில் நிறுத்தியது. 2013 ஜனவரியில், லண்டனில் ஆர்சனலோடு ஆடவந்த மான்செஸ்டர் சிட்டி அணியின் ரசிகர்களுக்குச் சீட்டு விலை 62 பவுண்டு என்றார்கள். மான்செஸ்டர் என்ன, லண்டனுக்கு அடுத்த தெருவா? ஒதுக்கிய சுமார் மூவாயிரம் சீட்டில் 912 சீட்டுகள் விற்காமல் திருப்பி அனுப்பப்பட்டன. உள்ளே போனவர்களும் சும்மா இருக்கவில்லை. 62 பவுண்டு, இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டுப் பதாகை பிடித்தார்கள். "இருபது பவுண்டு போதும்" என்று ரசிகர் சங்கங்கள் இயக்கம் நடத்தின.

2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் திடலில், புதிய மாடத்துக்கு 77 பவுண்டு வரை விலை வைக்கப்போகிறோம் என்ற அறிவிப்பை எதிர்த்து, 77ஆவது நிமிடத்தில் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். கல் எறியவில்லை, கம்பி பெயர்க்கவில்லை, எழுந்தார்கள், நடந்தார்கள்! சில நாளில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றது. மூன்றே நாள் கழித்து, பிப்ரவரி 9, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில். அங்கே வெளியூரிலிருந்து வந்த டார்ட்மண்ட் ரசிகர்கள், தங்களுக்கு வைத்த விலையைக் கண்டித்துத் திடலுக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். கனவான்கள் ஆட்டத்துக்குரிய விலையைக் கால்பந்துக்குக் கேட்கிறாயே என்ற குத்தல்!

அந்த ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் இறங்கிவந்தது. வெளியூர் ரசிகனுக்கு எந்தத் திடலிலும் 30 பவுண்டுக்கு மேல் விலை வைக்கக் கூடாது என்று 2016-17 பருவத்திலிருந்து உச்சவரம்பு. மூன்று பருவத்துக்கு என்று தொடங்கியது பின்னர் நீட்டிக்கப்பட்டது. இதை முதலாளிகளின் கருணை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அதே 2016இல் தொடங்கிய மூன்றாண்டுகளுக்கு உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமை மட்டும் 513 கோடி பவுண்டுக்கு மேல் விற்றிருந்தது. தொலைக்காட்சிக்காரன் வாங்குவது பந்தை மட்டுமா? மூலையில் நின்று தொண்டை கிழியக் கத்தும் வெளியூர்க் கூட்டத்தின் ஓசையையும் சேர்த்தல்லவா வாங்குகிறான்! காலி நாற்காலிகளுக்கு நடுவே நடக்கும் ஆட்டம் எவ்வளவு செத்த ஆட்டம் என்பதை 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே பார்த்தது. அந்த ஓசையை எழுப்புகிறவனுக்குச் சம்பளம் தரவேண்டாம். குறைந்தபட்சம் அவன் மடியைத் தடவாமலாவது இருக்கலாமே?

உலகக் கோப்பைக்கும் இதே கதைதான். 2026 போட்டிக்கு நாடுகளின் ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய சீட்டிலேயே, இறுதியாட்டத்தின் மலிவு விலை 4,000 டாலரைத் தாண்டியது என்று 2025 டிசம்பரில் வெளிவந்தது. ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் துரோகம் என்று கொதித்தன. ஒரு வாரத்துக்குள் 60 டாலர் சீட்டு என்று ஒரு புது வகை முளைத்தது! ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்குக்குத்தான், உண்மை. ஆனால் 4,000 கேட்ட வாய் 60 என்றும் சொல்லக்கூடிய வாய்தான் என்பது தெரிந்துபோயிற்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் கால்பந்துச் சீட்டு கிரிக்கெட் சீட்டைப்போல் கழுத்தை நெரிப்பதில்லை. இதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. இங்கே கால்பந்து ரசிகனைக் கொல்வது வாயிற்சீட்டு அல்ல, வழிச்சீட்டு. கிரிக்கெட்டிலோ இரண்டும் சேர்ந்து கொல்கின்றன. 2025 ஐ.பி.எல். போட்டியில் சேப்பாக்கத்தில் விற்ற மலிவான சீட்டு 1,700 ரூபாய். நம் அளவுகோலில் ஐந்து நாள் கூலி. வெள்ளகோவிலான் போய்வரும் நான்கு நாளையும் சேர்த்தால் ஒன்பது நாள் கூலி. மூன்றரை மணி நேர ஆட்டத்துக்கு ஒன்பது நாள் தறி ஓட்ட வேண்டும்!

இந்தக் கொள்ளையில் டில்லிக்கும் பங்கு உண்டு. ஐ.பி.எல். சீட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு ஆக்கப்பட்டது. பணக்காரன் வேடிக்கைக்குத்தானே வரி என்பார்கள். மேல்மாடத்துக் குளிரறைக்காரனுக்கும் 40, கடைசிப் படிக்கட்டில் வெயிலில் வேகிறவனுக்கும் 40 என்றால் அது எந்த ஊர் நியாயம்? அங்கீகரிக்கப்பட்ட மற்ற விளையாட்டுப் போட்டிகளுக்கு 500 ரூபாய் வரையிலான சீட்டுக்கு வரியே இல்லை என்று அதே ஜி.எஸ்.டி. சட்டம்தான் சொல்கிறது. அப்படியானால் சாமானியன் சீட்டுக்கு எல்லைக்கோடு எது என்பது டில்லிக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் கோட்டுக்குள் வரும் சீட்டை விற்கச் சொல்லி ஒருவரையும் கேட்கவில்லை.

மனம் இருந்தால் வழி செய்யமுடியும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 2018 ஏப்ரலில் தமிழகம் காவிரிக்காகக் கொந்தளித்தது. வயல் வறண்டு கிடக்க வாணவேடிக்கையா என்று மக்கள் கேட்டார்கள். சென்னை அணியின் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. இன்றும் அதில் ஒரு சொல்லை நாம் குறைக்கமாட்டோம். ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 19 அன்று சென்னையிலிருந்து ஒரு தனி ரயில் கிளம்பியது. சுமார் ஆயிரம் ரசிகர்கள். பயணம், உணவு, தங்குமிடம், ஆட்டச் சீட்டு எல்லாம் அணி நிர்வாகத்தின் பொறுப்பு. 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயர். 2024இல் சேப்பாக்கம் சீட்டைக் காட்டினால் குளிர்சாதனமில்லாத மாநகரப் பேருந்தில் கட்டணமில்லை என்ற ஏற்பாடும் வந்தது. ஜெர்மனியில் பல சங்கங்களின் சீட்டே அன்றைக்கு அந்த வட்டாரத்துப் பேருந்து, ரயில் சீட்டாகவும் செல்லும். அதே ஏற்பாடுதான் இங்கும். ஆனால் யாருக்கு? மயிலாப்பூரிலிருந்து சேப்பாக்கம் போகிறவனுக்குப் பேருந்து இலவசம். வெள்ளகோவிலிலிருந்து போகிறவன் முழுக்கட்டணம்! எவனுக்கு வழி நீளமோ அவனுக்குச் சலுகை இல்லை.

வழி நீளமாக இருந்தால் பையன்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகக் கிளம்புகிறார்கள். 2022 மார்ச் 20 அன்று கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டம், கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்காக ஊரே திரண்டு போயிற்று. மலப்புறத்திலிருந்து இருசக்கர வண்டியில் புறப்பட்ட இரண்டு இளைஞர்கள் காசர்கோடு பக்கத்தில் விபத்தில் மாண்டார்கள். அன்றைய ஆட்டத்தின் முடிவு அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எதனால் அந்த விபத்து என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதி அல்ல. ஆனால் அறுநூறு கிலோமீட்டர் தூரத்தை இரண்டு சக்கரத்தில் கடக்க இருபது வயதுப் பையன்கள் துணிகிறார்கள் என்றால், அவர்கள் கைக்கு எட்டும் விலையில் நான்கு சக்கரமும் தண்டவாளமும் இருந்தனவா என்று கேட்காமல் இருக்க முடியுமா? கொங்கு நாட்டு வீடுகளிலும் அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் சட்டைப் பையிலும் வண்டிச் சாவி இருக்கிறது.

"வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தால் போதாதா?" என்கிறார் ஒரு நண்பர். மாநாட்டையும் கைப்பேசியில் பார்க்கலாமே, ஐயா! ஏன் மணலில் உட்கார இடம் தேடி மாலையிலேயே வந்துவிடுகிறீர்கள்? கூட்டத்தில் ஒருவனாக நிற்பது வேறு, கூடத்தில் ஒருவனாக இருப்பது வேறு. நம் இயக்கத்தானுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"தனியார் நிறுவனம், அவர்கள் சரக்கு, அவர்கள் விலை" என்கிறார் இன்னொருவர். சரக்கு அவர்களுடையதுதான், ஆடும் திடல்? கோவை நேரு திடலும் சென்னை நேரு திடலும் மக்கள் வரிப்பணத்தில் கட்டியவை. காவலுக்கு நிற்கும் போலீஸ் மக்களின் போலீஸ். நம் வீட்டுத் திண்ணையில் கடை போடுகிறவன் நம்மிடமே இரட்டை விலை கேட்டால், திண்ணைக்காரன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். அரசுத் திடலில் ஆடும் எந்த அணியும், விருந்தாளி அணியின் ரசிகர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கவேண்டும். அதன் விலை ஒரு நாள் கூலிக்கு மேல் போகக் கூடாது. 300 ரூபாய் என்று வையுங்கள். கூலி உயர்ந்தால் உயர்த்துங்கள், நாம் மறுக்கவில்லை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கும் சிறப்புப் பேருந்து விடத் தெரிந்த போக்குவரத்துக் கழகத்துக்கு, ஆட்டம் முடிந்த பின் இரவு பத்து மணிக்குப் பல்லடம், காங்கேயம் வழியாக ஒரு வண்டி விடத் தெரியாதா? தேதியையும் முன்கூட்டியே சொல்லுங்கள். 2010இல் போட்ட உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதைப் பதினைந்து ஆண்டு தெரிந்து வைத்திருந்தும், 2025-26 ஐ.எஸ்.எல். பருவம் எப்போது தொடங்கும் என்பதை மாதக்கணக்கில் சொல்லமுடியாமல் தவித்தார்கள் பந்தாட்ட நிர்வாகிகள். நாளைக்கு ஆட்டம் என்று இன்றைக்குச் சொன்னால், விடுப்புக் கேட்கும் தொழிலாளிக்கு எந்த முதலாளி விடுப்புத் தருவான்?

இன்னொன்று. கோவையில் பெரிய கிரிக்கெட் திடல் கட்டப்படும் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. வரட்டும், வரவேற்போம். ஆனால் கண்ணாடி அறைகள் எத்தனை என்று வரைபடம் போடும்போதே, 300 ரூபாய்ப் படிக்கட்டு எத்தனை வரிசை என்பதையும் அதே தாளில் வரையச் சொல்கிறோம். கட்டி முடித்த பிறகு ஏழைக்கு இடம் தேடினால் தூணுக்குப் பின்னால்தான் கிடைக்கும்.

வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம், சோமனூர்த் தோழர்களுக்கு ஒரு வேலை. படிப்பகம்தோறும் ஒரு தாள் வையுங்கள். பந்தாட்டம் ஆடும் பையன்களையும், பார்க்கும் பெரியவர்களையும், வாய்ப்பிருந்தால் பார்த்திருப்போம் என்று சொல்லும் பெண்களையும் கையெழுத்திடச் செய்யுங்கள். கட்சி வேறாக இருந்தாலும் கேளுங்கள். அணி வேறாக இருந்தாலும் கேளுங்கள். விளையாட்டுத் துறைக்கு ஒரு படி, போக்குவரத்துத் துறைக்கு ஒரு படி, அணி நிர்வாகங்களுக்கு ஒரு படி அனுப்புங்கள். விண்ணப்பம் நீளமாக இருக்க வேண்டாம். வெளியூர் ரசிகனுக்கு 300 ரூபாய்க்கு மேல் சீட்டு இல்லை; ஆட்டம் முடிந்ததும் ஊருக்கு ஒரு பேருந்து; ஒரு மாதம் முன்னதாகத் தேதி. இவ்வளவுதான் எழுத வேண்டும்.